முதுகிலிருந்து இறங்கியவர்கள்

ஊத்துமேட்டில் மார்கழி மாதம் யாரும் கல்யாணம் வைப்பதில்லை என்பதாலும், கல்யாணம் இல்லாத மண்டபம் பல்லிக்கும் சிலந்திக்கும்தான் ஆகும் என்பதாலும், அந்த மாதம் முழுக்கக் காலைவேளையில் கழுத்துவலிக்காரர்களும் முதுகுவலிக்காரர்களும் அங்கே வந்து பாய் விரித்துக்கொள்ளலாம் என்று மண்டபத்து மேனேஜர் சீனிவாசகம் ஒத்துக்கொண்டார். அப்படி ஒத்துக்கொண்ட மார்கழியில்தான் அந்த ஊர்க்காரர்களின் முதுகில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கத் தொடங்கினார்கள்.

ஊத்துமேடு குனிந்து பிழைக்கிற ஊர். தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள் குனிந்து ஒட்டினார்கள், தையல்காரர்கள் குனிந்து தைத்தார்கள், வாத்தியார்கள் குனிந்து பேப்பர் திருத்தினார்கள், வேலை இல்லாத இளவட்டங்கள் குனிந்து செல்போன் பார்த்தார்கள், எனவே அந்த ஊரில் கழுத்து வலிக்காத ஆளைத் தேடுவதென்றால் தொட்டிலில் தேட வேண்டும். தைலம் தேய்த்தார்கள், சுளுக்கு எடுத்தார்கள், வெந்நீர்ப் பையை முதுகுக்குக் கொடுத்துப் படுத்தார்கள். கல்லூரியில் யோகா படித்துவிட்டு அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த அருள்மொழி, நான் சொல்லித் தருகிறேன் என்றபோது, தைலத்துக்கு ஆகிற செலவாவது மிஞ்சும் என்றுதான் போனார்கள்.

அருள்மொழி சின்னப் பெண், ஆனால் அவசரப்படாதவள். கழுத்தை வட்டமாகச் சுற்ற விடமாட்டாள். “வலப்பக்கம் பாருங்க, நடுவுக்கு வாங்க, இடப்பக்கம் பாருங்க, நடுவுக்கு வாங்க. வலிச்சா அங்கேயே நிறுத்திருங்க, வலியோட மல்லுக்கு நிக்காதீங்க” என்பாள். கையையும் முழங்காலையும் ஊன்றிப் பூனைபோல் முதுகைத் தூக்கவும் தாழ்த்தவும் சொல்வாள், பாம்புபோல் மார்பை நிமிர்த்தச் சொல்வாள், பிள்ளை தூங்குவதுபோல் நெற்றியைத் தரையில் வைக்கச் சொல்வாள். எல்லாம் முடிந்தபின் மல்லாக்கப் படுக்கிற சவாசனம். அதன் பெயரைச் சொல்ல அவளுக்குப் பிரியமில்லை. “சும்மா படுங்க. ஒங்க பாரத்தையெல்லாம் தரைகிட்ட குடுத்துருங்க, அது தாங்கிக்கிடும்” என்று மட்டும் சொல்வாள்.

அவள் சொன்னதைச் சொன்னபடியே முதலில் செய்தவள் ராஜகனி, இட்லி மாவு அரைத்து விற்கிறவள். படுத்த கொஞ்ச நேரத்தில் அவளுடைய தோள்பட்டைக்கும் பாய்க்கும் நடுவிலிருந்து அவளுடைய மாமியார், செத்து வெகுகாலமான மாமியார், நெடுந்தூரப் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவள்போல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே வந்து, அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டு, பாய் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். ராஜகனி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

“நீங்கதானா?” என்றாள். “நான் மாவுச் சட்டி தூக்குனதுனாலன்னுல்லா நெனச்சேன்.”

அவளுக்குப் பின்னால் அடுத்தடுத்த பாய்களிலும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். இறங்கியவர்கள் யாருமே பேசவில்லை. மார்கழிப் பனிபோல அவர்களைச் சுற்றி ஒரு குளிர்ச்சி இருந்தது, உட்கார்ந்த இடத்தில் பாய் அழுந்தியது, அவர்கள் எதிரே இருந்த வெறும் மணமேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பு முடிந்து, “வலப்பக்கமா ஒருச்சாய்ச்சுப் படுத்து, கையை ஊன்றி எழுந்திரிங்க” என்று அருள்மொழி சொன்னதும், அவரவர் ஆள் முதுகில் அவரவர் மறுபடி ஏறிக்கொண்டார்கள்.

ஊர் இதைக் கேட்டு ஒருநாள் வியந்தது, மறுநாள் பழகிவிட்டது. டீக்கடையில் “வலி எப்படி இருக்கு?” என்று கேட்பதை விட்டுவிட்டு “ஒனக்கு யாரு எறங்குனா?” என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒரு பஸ் கண்டக்டருக்கு முதல் சம்சாரம் இறங்கினாள். பக்கத்துப் பாயில் படுத்திருந்த இரண்டாவது சம்சாரம் எழுந்து போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து, “தரையில ஒக்காராதீகக்கா, குளுரும்” என்று போட்டாள். அதன்பின் அவள் தினமும் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புருஷனைப் பற்றித் தன் மனக்குறைகளையெல்லாம் சொல்ல, முதல் சம்சாரம் எல்லாவற்றுக்கும் தலையாட்ட, கண்டக்டருக்கு முதுகுவலி போய்த் தலைவலி வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு எத்தனை நாள் படுத்தும் யாரும் இறங்கவில்லை. “ஒங்களுக்கு நாற்காலிதான் சார் காரணம், உயரத்தைக் குறைங்க” என்றாள் அருள்மொழி. அவர் நாற்காலியை மாற்றினார், வலியும் போனது. ஆனாலும் தன்னை ஒருவரும் ஒரு பொருட்டாக நினைத்து ஏறவில்லையே என்ற குறை அவருக்குப் போகவில்லை.

செண்பகவல்லிக்கு மட்டும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தன் கழுத்தில் இருப்பது யார் என்று அவளுக்கு எப்போதோ தெரியும்.

பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிறவள் அவள். பேட்டரிக் கடை வைத்திருக்கும் ஆவுடையப்பனுக்கும் அவளுக்கும் முத்துமீனா என்று ஒரே பிள்ளை. ஒன்றாம் வகுப்பு முடிக்குமுன் ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட்டது. காய்ச்சலோடு அதை உப்பு மூட்டையாகத் தூக்கிக்கொண்டுதான் செண்பகவல்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள், முதுகில் இருந்தபடியேதான் அது அடங்கியது. அன்றைக்குப் பிடித்த வலி. மற்றவர்கள் அதைத் தேய்மானம் என்றார்கள். தன் விலாவை இரண்டு சின்ன முழங்கால்கள் அணைத்திருப்பதையும், பிடரியில் ஒரு மூச்சு படுவதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. வலி கூடுகிற நாட்களில் பிள்ளை வளர்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

ஆனால் வலி தோளில் இறங்கி, முழங்கையில் இறங்கி, வலதுகை விரல்களுக்கு வந்து அவற்றை மரக்கட்டையாக்கத் தொடங்கியிருந்தது. கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவியது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. “நரம்பு நெருக்குது. இப்படியே விட்டா கைப்பிடி போயிரும்மா. பயிற்சி செஞ்சே ஆகணும்” என்றார் டாக்டர். கை போனால் தையல் போகும் என்பது ஒருபக்கம். கழுத்து சரியானால் யார் போவார்கள் என்பது இன்னொரு பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்தாள். ஆவுடையப்பன் அவளை மொபெட்டில் கொண்டுவந்து விடுவார், வகுப்பு முடியுமட்டும் வாசல் கேட்டுக்கு வெளியே நிற்பார், உள்ளே எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்.

பூனையைச் செய்தாள், பாம்பைச் செய்தாள். மல்லாக்கப் படுக்கும்போது மட்டும் தோளைத் தரையில் விடவில்லை. அருள்மொழி வந்து பக்கத்தில் குந்தி, தோளை ஒரு விரலால் தொட்டாள்.

“இது இன்னும் மேலயே நிக்குதே அக்கா. விடுங்க.”

“விட்டுட்டேன் டீச்சர்.”

“விடலக்கா. பாய்க்கும் ஒங்களுக்கும் நடுவுல என் கை போவுது பாருங்க.”

“எனக்கு அம்புட்டுதான் வரும்.”

மார்கழி நகர நகர மற்றவர்கள் நிமிர்ந்தார்கள். நிமிர்ந்தவர்களின் முதுகில் மறுபடி ஏறிக்கொள்ள, இறங்கியவர்களுக்கும் மனம் வரவில்லைபோலும்; வகுப்பு முடிந்து எல்லாரும் போனபிறகும் ராஜகனியின் மாமியார், கண்டக்டரின் முதல் சம்சாரம், இன்னும் யார் யாரோ மண்டபத்துச் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தே இருந்தார்கள். பகலில் மண்டபத்தைக் கடந்து போகிறவர்கள் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்தார்கள். அந்தத் தெருவில் நாய்கள் குரைப்பதை நிறுத்தியிருந்தன. ஊர்க்காரர்கள் லேசான கழுத்தோடு வேலை பார்த்தார்கள், ஆனால் யாரோ பின்னால் கூப்பிட்டதுபோல் அடிக்கடி திரும்பிப் பார்த்தார்கள்.

மார்கழி முடியப்போகிற ஒரு காலையில், வலியால் பல நாள் தூக்கம் கெட்டிருந்த செண்பகவல்லி, படுத்த இடத்தில் தன்னை மறந்து தூங்கிவிட்டாள். தூங்கியதும் தோள் இறங்கியது. விழித்தபோது பாய் ஓரத்தில் முத்துமீனா உட்கார்ந்திருந்தாள்.

வளர்ந்திருக்கவில்லை. அதே அளவுதான். பள்ளிக்கூடச் சட்டை, ஒருபக்கம் அவிழ்ந்த ரிப்பன். முதுகில் இருக்கிறவரின் முகத்தைச் சுமக்கிறவர் பார்க்க முடியாது அல்லவா. இத்தனை வருடத்தில் இப்போதுதான் செண்பகவல்லி அந்த முகத்தைப் பார்த்தாள். பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, வெகுநேரம் கட்டிப்போட்டிருந்து அவிழ்த்துவிட்டவர்கள் செய்வதுபோல, ஒரு மணிக்கட்டை மறுகையால் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்கட்டிலும் கன்றிச் சிவந்த தடம் இருந்தது. நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் பதிந்த தடம். அளவு பார்க்கத் தேவையில்லாமல் அது யார் கை என்று செண்பகவல்லிக்குத் தெரிந்தது.

“வலப்பக்கமா ஒருச்சாய்ச்சுப் படுத்து எழுந்திரிங்க” என்றாள் அருள்மொழி.

பிள்ளை ஏறவில்லை. ஏறுவதற்கு ஒரு அசைவும் காட்டவில்லை. அப்போது செண்பகவல்லியின் கைகள் அவளைக் கேட்காமலேயே முதுகுக்குப் பின்னால் போய், அந்த இரண்டு மணிக்கட்டையும் அதே தடத்தில் பிடித்து, இழுத்து, மேலே ஏற்றிக்கொண்டன. மரத்துப்போன வலதுகைக்கு அந்த ஒரு பிடிக்கு மட்டும் எங்கிருந்தோ பலம் வந்தது. மண்டபத்தில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். அவரவர் பாயைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள்.

அந்த வாரமே சீனிவாசகம் ஊரைக் கூட்டினார். தை பிறந்ததும் முதல் முகூர்த்தம், கல்யாணப் பெண் ராஜகனியின் அண்ணன் மகள்.

“எனக்கு யாரு மேலயும் வருத்தம் கெடையாது” என்றார் அவர். “பாவம், அவுகபாட்டுக்கு ஒக்காந்திருக்காக. ஆனா தூத்துக்குடியில இருந்து மாப்பிள்ள வீட்டார் வாராக. அவுக கேட்டா நான் என்னன்னு சொல்ல? பொண்ணு வீட்டு ஆளுன்னா, மாப்பிள்ள வீட்டு ஆளுன்னா?”

“எங்க அத்தைய பொண்ணு வீட்டு ஆளுன்னே சொல்லும்” என்றாள் ராஜகனி. “உயிரோட இருக்கையில எந்தக் கல்யாணத்துலயும் அவளுக்கு முன்வரிச தரலன்னுதான் சண்ட போட்டா.”

சிரித்தார்கள். சிரிப்பு மண்டபத்துச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தபோது வேறு மாதிரி இருந்தது, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். ராமேஸ்வரம் கூட்டிப்போகலாம் என்றார் ஒருவர். எத்தனை பஸ் பிடிக்க என்று கண்டக்டர் கேட்டார். கடைசியில் அருள்மொழிதான் ஒரு வழி சொன்னாள். போகி அன்று காலையில் எல்லாரும் வரவேண்டும், முதுகைக் காட்டிக் குனிந்து நிற்கவேண்டும். ஏற விருப்பமுள்ளவர்கள் ஏறிக்கொள்ளட்டும். விருப்பமில்லாதவர்கள் போகிற இடத்துக்குப் போகட்டும். “ஆனா பேர் சொல்லிக் கூப்புடக்கூடாது. கையைப் பிடிச்சு இழுக்கக்கூடாது” என்றாள். அப்போது ஒருவரும் செண்பகவல்லி பக்கம் திரும்பவில்லை. திரும்பாததிலேயே அவளுக்குப் புரிந்தது.

போகி அன்று வெள்ளையடிக்கிறவர்கள் ஏணியோடு வெளியே காத்திருக்க, ஊர்க்காரர்கள் மண்டபத்துக்குள் வரிசையாகக் குனிந்து நின்றார்கள். ஒருசிலர்மேல் ஏறினார்கள், சுமந்தவர்கள் பழைய வலியோடு, கொஞ்சம் நிம்மதியோடும், வீட்டுக்குப் போனார்கள். ராஜகனியின் மாமியார் மருமகள் முதுகில் கையை வைத்து ஒருமுறை தட்டிவிட்டு, புழக்கடை வாசல் வழியாக வெளியே நடந்தாள். அவள் பின்னாலேயே மற்றவர்களும் நடந்தார்கள். வெள்ளையடிக்கிறவர்கள் ஏணியை ஒதுக்கி வழிவிட்டார்கள்.

செண்பகவல்லி பிள்ளையைச் சுமந்துகொண்டுதான் வந்திருந்தாள். பாயில் படுத்தாள். இந்தமுறை தூக்கத்தால் அல்ல, தெரிந்தே, முதலில் இடது தோளை, பிறகு வலது தோளைத் தரையில் விட்டாள். பிள்ளை இறங்கியது. அவள் எழுந்து முதுகைக் காட்டிக் குனிந்தாள். கைகள் பின்னால் போகத் துடித்தன. ஒரு கையால் மறுகை முழங்கையைப் பற்றி, மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். அப்படியே நின்றாள். வெளியே வாளியில் சுண்ணாம்பு கலக்கும் சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அவள் விலாவில் எந்த முழங்காலும் படவில்லை.

“அக்கா” என்றாள் அருள்மொழி மெல்ல. “நிமிருங்க. இடுப்புல இருந்து, கொஞ்சம் கொஞ்சமா. தலை கடைசியா வரட்டும்.”

செண்பகவல்லி அவள் சொன்னபடியே நிமிர்ந்தாள். தலை கடைசியாக வந்தது. முத்துமீனா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள், ஏறவும் இல்லை, மற்றவர்களோடு போகவும் இல்லை.

“இத என்ன செய்ய?” என்றார் சீனிவாசகம், யாரிடம் கேட்பதென்று தெரியாமல்.

“இருந்துட்டுப் போவா” என்றது ஒரு குரல். கேட்டுக்கு வெளியே நிற்கிற ஆவுடையப்பன் மார்கழி முழுக்க முதல்தடவையாக உள்ளே வந்து நின்றார். “சின்னப் பிள்ளதானே. கல்யாணம் பாக்கணும்னு ஆசையா இருக்கும்.”

பொங்கல் அன்று செண்பகவல்லி ஒரு பட்டுப் பாவாடையும் சட்டையும் தைத்தாள். தன் கூறைப் புடவையை வெட்டினாள். வலதுகை இன்னும் தடுமாறியது, ஆனால் கத்தரிக்கோல் நழுவவில்லை. அளவு எடுக்கவும் தேவைப்படவில்லை. இடுப்பு எவ்வளவு, தோள் எவ்வளவு என்று அவள் முதுகுக்கே தெரியும். ஊசியில் நூல் கோக்கையில் ஆவுடையப்பன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒங்களுக்கு ஒருநாளும் கழுத்து வலிச்சதில்ல” என்றாள் அவள், நிமிராமல். இந்த வார்த்தையை வருடக்கணக்காக வைத்திருந்தாள்.

“கடையில ஆள் இல்லாத நேரம் எத்தனையோ தரம் குனிஞ்சு பாத்துட்டேன் செம்பகம்” என்றார் அவர். “ஒருதரமாவது ஏங்கிட்ட வரட்டும்னு. அவ எப்படி வருவா? நீ விட்டாத்தான.”

அவள் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். சட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, “பித்தான் வைக்கணும், அந்த டப்பாவை எடுங்க” என்றாள். அவர் எடுத்துக் கொடுத்துவிட்டு, தைத்து முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

உடுப்பை மண்டபத்தில் ஒரு நாற்காலியின்மேல் மடித்து வைத்துவிட்டு வந்தார்கள். முகூர்த்தத்தன்று போனபோது முத்துமீனா அதை உடுத்தியிருந்தாள். நீள அகலம் சரியாக இருந்தது, சட்டைக்கை மணிக்கட்டுவரை மூடியிருந்தது. நாதஸ்வரம் வாசித்தார்கள், தாலி கட்டினார்கள், அட்சதை விழுந்தது. தூத்துக்குடிக்காரர்களில் ஓர் அம்மாள் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, “எவ்வளவு சில்லுன்னு இருக்கா, யாரு பிள்ள இவ?” என்று கேட்டாள். “எங்க பிள்ள” என்றார் ஆவுடையப்பன்.

பந்தி போட்டபோது பிள்ளைகளுக்கென்று விரித்த வரிசையில் அவளும் போய் உட்கார்ந்தாள். பரிமாறுகிறவர்கள் அவள் முன்னாலும் இலை போட்டார்கள். ஜாங்கிரி வைத்தார்கள், சோறு வைத்தார்கள். செண்பகவல்லியும் ஆவுடையப்பனும் தூணோரம் நின்று, பிள்ளை சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடதுகையால் ரிப்பனை ஒதுக்கிவிட்டு, வலதுகையால், சிந்தாமல், ரசத்துக்குக் கையைக் காட்டி வாங்கி, முழுசாகச் சாப்பிட்டாள். காய்ச்சல் நாட்களில் ஒருவாய் கஞ்சி குடிக்காதவள்.

சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் இலையை மடித்தார்கள். கல்யாண வீட்டில் இலையைத் தன் பக்கமாக மடிப்பது வழக்கம், இந்த உறவு இன்னும் வரவேண்டும் என்று அர்த்தம். துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாகத் தள்ளி மடிப்பார்கள். வரிசையில் எல்லாப் பிள்ளைகளும் தங்கள் பக்கமாக மடித்தன. முத்துமீனா தன் இலையை இரண்டு கையாலும் பிடித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து, எதிர்ப்பக்கமாக மடித்தாள். பிறகு எழுந்து அம்மாவை ஒருமுறை நேராகப் பார்த்தாள். கைகழுவுகிற இடத்துக்கு ஓடிய பிள்ளைகளோடு அவளும் ஓடினாள். பிள்ளைகள் ஈரக்கையோடு திரும்பி வந்தபோது அந்தக் கூட்டத்தில் பட்டுப் பாவாடை ஒன்று குறைவாக இருந்தது.

“சின்னப் பிள்ள” என்றார் ஆவுடையப்பன். “தெரியாம மடிச்சிருக்கா.”

“இல்ல” என்றாள் செண்பகவல்லி. “தெரிஞ்சேதான் மடிச்சிருக்கா.”

இலை எடுக்கிற பெண் கூடையோடு வந்தாள். “அந்த ஒண்ண மட்டும் விட்டுரு தாயி, நான் எடுத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு, செண்பகவல்லி போய் முழங்காலை மடித்துக் குந்தி, மடித்த இலையை வலதுகையால் எடுத்தாள். விரல்கள் இலையின் ஈரத்தை உணர்ந்தன. புழக்கடைக்குக் கொண்டுபோய்த் தொட்டியில், மற்ற இலைகளின்மேல், பிரியாமல் வைத்தாள். மடிப்பை அவள் மாற்றவில்லை.

பின்னால் வந்து நின்ற ஆவுடையப்பன் கேட்டார், “கழுத்து வலிக்கா?”

“வலிக்கல” என்றாள். சொல்லிவிட்டு, கையைப் பிடரிக்குக் கொண்டுபோய், கூட்டத்தில் எதையோ தொலைத்தவள்போல அங்கே மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.